இரவு டூட்டிப் பட்டியலில் என் பெயர்

இருபத்தெட்டு வருஷம் கம்பம் ஏறியும் ஒருமுறைகூடக் கீழே விழாமல், வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டே போய்ச் சேர்ந்த என் சவரி அண்ணனுக்கு,

உங்கள் தங்கச்சி கோமதி எழுதுகிறேன். சௌக்கியமா என்று கேட்க வாய் வருகிறது. கேட்டால், "ஏன், இங்கயும் வந்து விசாரணையா?" என்பீர்கள். அதனால் கேட்கவில்லை.

நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. உங்கள் போன் இன்னும் அடிக்கிறது தெரியுமா? கெடார் பக்கம் பாதி வீட்டுச் சுவரில் உங்கள் நம்பரைக் கரியால் எழுதி வைத்திருக்கிறார்கள். பொங்கலுக்கு வெள்ளை அடித்தவர்கள்கூட அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடித்தார்களாம். போனை ரீட்டா அண்ணிதான் எடுக்கிறார். முதல் ஒரு மாதம், "அவரு இல்லைங்க, தவறிட்டாருங்க" என்று சொல்லி அழுதார். இப்போது கதையே வேறு. "உங்க ஊட்ல மட்டும் இல்லியா, தெருவுக்கே இல்லியா? தெருவுக்கேன்னா ஆபீசுக்குப் போடுங்க. ஒரு ஊடுன்னா எலக்ட்ரீசியனைக் கூப்புடுங்க, ஈரக் கையோட நீங்களே எதையும் தொடாதீங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறார். உங்களோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்தியதில் அண்ணிக்குப் பாதி லைன்மேன் வேலை வந்துவிட்டது. சம்பளம்தான் வரவில்லை.

நம் கரண்ட் ஆபீஸ் செய்தி சொல்லவா? போர்மேன் ஏழுமலை தலைக்கு மை அடிக்கிறார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். "மாமனாருக்கு இளமை திரும்பி மாப்பிள்ளைக்கு என்ன லாபம்?" என்று கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மை நெற்றியில் வழிந்தது, அவரே வந்து கண்ணாடி கேட்டார்.

புது ஏ.இ. வந்திருக்கிறார். ஷர்மிளா மேடம். இன்ஜினியர் என்று சொன்னால்தான் தெரியும், பார்த்தால் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி இருப்பார். சிரிக்க மாட்டார். எதற்கும் கம்ப்யூட்டரில் அட்டவணை போட்டு, அச்செடுத்து, சுவரில் ஒட்டிவிடுவார். கழிவறைச் சாவிக்குக்கூட நம் ஆபீசில் இப்போது அட்டவணை இருக்கிறது அண்ணே. நீங்கள் இருந்திருந்தால் அதிலேயே போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

அப்படி ஒட்டிய ஒரு அட்டவணைதான் என்னை இந்தக் கடிதத்தில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது. மழைக்கால இரவு டூட்டிப் பட்டியல். புகார் போன் எடுக்க யார் யார் எந்த ராத்திரி என்று வரிசையாக இருந்தது. அதில் என் பெயர் மூன்று ராத்திரி, அடுத்தடுத்து.

உங்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும், தலையில் கை வைத்துக்கொள்வீர்கள். ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு மூன்று ராத்திரி போன் எடுப்பதில் என்ன குடி முழுகிப்போகும் என்று தோன்றும். அதனால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு இப்போது நேரத்துக்கா பஞ்சம்?

எனக்கு பைபோலார். தமிழில் இருதுருவக் கோளாறு என்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் நான் என்னவோ பனிக்கரடி மாதிரி எனக்கே தெரிகிறது. நீங்கள் வைத்த பெயர்தான் எனக்குப் பிடிக்கும்: "கோமதிக்கு வோல்டேஜ் நிக்காது." சில வாரம் ஏறிக்கொண்டே போகும். தூக்கம் வேண்டாம், சோறு வேண்டாம், உலகத்தில் எல்லாரும் மெதுவாகப் பேசுகிற மாதிரி இருக்கும், குறுக்கே யார் வந்தாலும் கடித்துக் குதறிவிடுவேன். பிறகு சில வாரம் அப்படியே இறங்கிவிடும். போன் ரிசீவரைத் தூக்கவே இரண்டு கை வேண்டும் போலிருக்கும். அந்த வாரங்களில் நீங்கள் என் மேஜை ஓரத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, போனை எடுத்து, உங்கள் கட்டைக் குரலை மெல்லிசாக்கி, "ஹலோ, கரண்ட் ஆபீஸ்" என்பீர்கள். மறுமுனையில் யாரோ, "இன்னா மேடம், தொண்டை கட்டிக்கிச்சா?" என்று ஒருமுறை கேட்டார். எழுந்திருக்கவே முடியாமல் கிடந்த அந்த வாரத்தில் நான் சிரித்த ஒரே சிரிப்பு அதுதான்.

எனக்கு இது இருக்கிறது என்பது எனக்கே தெரியாத காலத்தில்தான் அந்தப் புயல் மழை வந்தது. கம்பமெல்லாம் சாய்ந்து கிடந்தது. லைன்மேன்கள் தண்ணீரில் நின்றீர்கள். நான் மூன்று பகல் மூன்று ராத்திரி போனை விடவில்லை. மற்றவர்கள் மேஜையிலேயே தலை சாய்த்துத் தூங்க, எனக்கு மட்டும் களைப்பே இல்லை. ஆகா, கோமதிக்கு என்ன கடமை உணர்ச்சி என்று ஆபீசே மெச்சியது. நானும் மெச்சிக்கொண்டேன். தலைக்குள் விளக்கெல்லாம் எரிவது போல் அவ்வளவு சுகம். அது வியாதியின் வாசற்படி என்று யாருக்குத் தெரியும்?

நான்காம் நாள் கெடார் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர், "மேடம், எங்க டிரான்ஸ்பார்மர் அடிக்கடி போவுது" என்று அழுதார். எனக்கு மனசு பொங்கிவிட்டது. "கவலப்படாதீங்க, உங்களுக்குப் புதுசா ஒண்ணு குடுத்துட்டேன்" என்றேன். அவர் நம்பவில்லை. "ஒண்ணு இன்னா ஒண்ணு, ரெண்டு வெச்சிக்குங்க. ஏரிக்கரையில ஒண்ணு, கோயிலாண்ட ஒண்ணு. வெள்ளிக்கிழமை வந்துடும்" என்றேன். என்னவோ டிரான்ஸ்பார்மர்கள் என் பீரோவில் மடித்து வைத்திருக்கிற மாதிரி.

வெள்ளிக்கிழமை டிரான்ஸ்பார்மர் வரவில்லை. ஊர்தான் வந்தது. டிராக்டரில் முப்பது பேர், மாலை, சால்வை, ஒரு மூட்டை மல்லாட்டைக் கடலை, பம்பைக்காரர் இருவர். கோயில் பக்கத்தில் டிரான்ஸ்பார்மர் வைக்க மேடைகூடக் கட்டிவிட்டார்களாம். அப்போதிருந்த ஏ.இ. வெளியே வந்து, "எந்த டிரான்ஸ்பார்மர்?" என்று கேட்டார். நான் சால்வையைப் போர்த்திக்கொண்டே அவரைப் பார்த்து, "உங்களுக்குக் குடுக்க மனசில்ல, குடுக்கறவளையாவது விடுங்க" என்று கத்தினேன். பிறகு என்னென்ன சொன்னேனோ. அவர் மீசையைப் பற்றியும் ஏதோ சொன்னேன் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். பம்பைக்காரர்கள் இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்து நடுநடுவே தட்டினார்களாம்.

நீங்கள்தான் சேற்றுக் காலோடு உள்ளே வந்தீர்கள். "சார், சார், புதுசு வருதுன்னு நான்தான் வாய் தவறி கோமதியாண்ட சொல்லிட்டேன். எம்மேல தப்பு" என்று அவர் முன்னால் நின்றீர்கள். இரண்டு டிரான்ஸ்பார்மரை வாய் தவறிச் சொல்கிற லைன்மேன் எந்த ஊரிலும் கிடையாது. ஆனாலும் மெமோ உங்களுக்குத்தான் வந்தது. ஊர்க்காரர்கள் மாலையைக் கொண்டுபோய் அந்தப் பழைய டிரான்ஸ்பார்மருக்கே போட்டுவிட்டுப் போனார்கள். மல்லாட்டையை மட்டும் திரும்பக் கேட்கவில்லை. நல்ல மனுஷர்கள்.

மறுநாள் நீங்களும் அண்ணியும் என் வீட்டுக்கு வந்தீர்கள். என் வீட்டுக்காரர் பயந்துபோய் மூலையில் நின்றார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க சித்தி பொண்ணுக்கு இப்டித்தான் இருந்துச்சு கோமதி. டாக்டரைப் பாத்தா சரியாவுது. இதுல வெக்கம் இன்னா?" என்றார். வெட்கம் இருந்தது. அதனால்தான் விழுப்புரத்தில் டாக்டர் இருக்கும்போது திண்டிவனத்துக்கு பஸ் ஏறினோம். அங்கேதான் நம்மை யாருக்கும் தெரியாது!

திண்டிவனத்துக் கிளினிக் பெஞ்சில் போய் உட்கார்ந்தால், பக்கத்தில் எங்கள் தெருக்கோடி டெய்லர் மனைவி. நான் முந்தானையை இழுத்துக்கொண்டு, "பல்லு காட்ட வந்தேன்" என்றேன். அந்தம்மாவும், "நானும் பல்லுதான்" என்றது. சுவரில் மூளைப் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. அதன் கீழே இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பல்லைப் பற்றியே பேசினோம். நீங்கள் வேறு நடுவில், "கடவாப்பல்லா, முன்பல்லா?" என்று அக்கறையாக விசாரித்தீர்கள். விழுப்புரத்துக்காரர்கள் எல்லாம் திண்டிவனத்துக்கு வருகிறார்கள், திண்டிவனத்துக்காரர்கள் விழுப்புரத்துக்குப் போகிறார்கள் என்று டாக்டரம்மா சொன்னபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பஸ்காரர்களுக்குத்தான் நம்மால் பிழைப்பு.

மாத்திரை கொடுத்தார். ரத்தத்தில் மருந்தின் அளவை அவ்வப்போது பார்க்க வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் மேலே, "ராத்திரித் தூக்கம் கெடக்கூடாது. தூக்கம் போச்சுன்னா எல்லாம் பின்னாலயே போகும்" என்றார். நீங்கள் அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டீர்கள். என் உடம்புக்கான குறிப்பு உங்கள் கையில்.

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததுதான் இந்த உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றாது. லைனில் கை வைக்கும் முன் லைன்மேன் துணைமின் நிலையத்துக்குப் போன் போட்டு எல்.சி. வாங்குவார். லைன் கிளியர். அங்கே லைனை நிறுத்தி, ஆள் வேலை செய்கிறார் என்று பலகை மாட்டிவிடுவார்கள். வேலை முடிந்தபின், வாங்கியவர் எவரோ அவரேதான் திருப்பிச் சொல்ல வேண்டும். எவ்வளவு பெரிய ஆள் போன் போட்டாலும் இன்னொருவர் வார்த்தைக்கு லைனைத் திறக்கக் கூடாது. நீங்கள் இந்தச் சட்டத்தை எனக்குப் போட்டீர்கள்.

நான் பேச்சில் எல்லாரையும் "கண்ணு" போட ஆரம்பித்தால், அடுத்தவர் பேசி முடிக்கும் முன் பதில் சொன்னால், ஆபீஸ் முழுமைக்கும் பரோட்டா ஆர்டர் கொடுத்தால், நீங்கள் என் மேஜைப் பக்கம் வந்து குனிந்து, "கோமதி, எல்.சி." என்பீர்கள். நான் எழுந்துவிட வேண்டும். பின்பக்கம் கம்பங்கள் அடுக்கியிருக்கிற இடத்தில் புங்க மரத்தடியில் போய் உட்கார வேண்டும். போனை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். சரியாகிவிட்டதா, வரலாமா என்று ஒருமுறைகூட நீங்கள் வந்து கேட்டதில்லை. நானாக எழுந்து வந்து, "எல்.சி. ரிட்டர்ன்" என்று சொல்லும்வரை உங்களுக்கு நான் அங்கே வேலையில் இருக்கிற ஆள். வேலை செய்கிறவளை யாராவது தொந்தரவு செய்வார்களா?

அந்த மரத்தடியில் நான் எவ்வளவு பேரைத் திட்டாமல் விட்டிருக்கிறேன் தெரியுமா? அவர்களுக்கே தெரியாது.

மழைக்கால இரவு டூட்டியையும் நீங்கள்தான் எடுத்துக்கொண்டீர்கள். ஏ.இ. கேட்டபோது, "கோமதி மாமியா படுத்த படுக்கையா கெடக்குது சார், ராத்திரில ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டீர்கள். என் மாமியார் போய் அதற்குள் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஏன் அண்ணே, பொய் சொல்ல உங்களுக்கு உயிரோடு இருக்கிற ஆள் கிடைக்கவில்லையா?

ஆபீஸ் சும்மா இருக்குமா? இரண்டு பேரும் ஒரே நாளில் லீவு, ஒரே பஸ்ஸில் திண்டிவனம். ஏழுமலை இதைக் காதும் காதும் வைத்தமாதிரி எல்லாருக்கும் சொல்லிவிட்டார். அண்ணி காதுக்கும் போனது. அண்ணி சொன்னாரே ஒன்று, "எம்புருஷனை ஒரு நாளைக்கு வெச்சிக்கினு சமாளிக்கிறவ எவளாச்சும் இருந்தா தட்டு வெச்சி அழச்சிக்கினு போவச் சொல்லு. ரெண்டாம் நாளே திருப்பிக் கொண்டாந்து உட்ருவா." அதோடு அந்தப் பேச்சு நின்றது.

இப்போது புரிகிறதா, பட்டியலில் என் பெயரைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று? மூன்று ராத்திரி விழித்தால் நான்காம் நாள் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏன் முடியாது என்று எனக்காகச் சொல்ல, ஆபீசில் இது தெரிந்த ஒரே ஆளான நீங்கள் இல்லை. நானே சொன்னால் என்ன ஆகும்? போன் மேஜையிலிருந்து தூக்கிவிடுவார்கள். பைத்தியம் என்று பெயர் வரும். சொல்லாவிட்டால் பைத்தியமே வரும். இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசித்து யோசித்து அந்த வாரம் டூட்டி வருவதற்கு முன்பே தூக்கம் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை. கையில் டீ டம்ளர். மாத்திரையால் எனக்குக் கை கொஞ்சம் நடுங்கும், அது உங்களுக்குத் தெரியும். ஏழுமலை பளபளவென்று புது வெள்ளைச் சட்டையில் வந்தார். அன்று மத்தியானம் மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். நான் பட்டியலையே பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "இன்னாக்கா, உன் பேரு மூணு வாட்டி இருக்குதே, மேடத்துக்கு உன்மேல அவ்ளோ பிரியமா?" என்றார்.

கிண்டல்தான். நான் தினமும் செய்கிற கிண்டலில் பாதிகூட இல்லை. ஆனால் எனக்கு என்ன வந்ததோ, "நீயெல்லாம் ஒரு மனுஷனா? என் பேரை வெச்சி சிரிக்கிறியா?" என்று ஆரம்பித்தேன். சுவரில் இருந்த பட்டியலை நோக்கித்தான் டம்ளரை வீசினேன். அது ஏழுமலை மார்பில் போய் இறங்கியது. மேடம் அறையிலிருந்து வெளியே வந்தார். "என்ன மேடம், கம்ப்யூட்டர்ல தட்டினா ஆச்சா? அது மனுஷங்க பேரு மேடம், மனுஷங்க பேரு!" என்று அவரிடமும் கத்தினேன். போன் வேறு அடித்தது. எடுத்து, திருவெண்ணெய்நல்லூரிலிருந்து பேசிய எவரோ ஒரு பாவப்பட்ட மனுஷரிடம், "இருட்டுல இருங்க, ஒண்ணும் ஆயிடாது!" என்று சொல்லி வைத்தேன்.

வைத்துவிட்டுத் திரும்பினேன். ஏழுமலை சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் கோபமில்லை அண்ணே, அதுதான் கொடுமை. "மாத்துச் சட்டை எடுத்தாரலியே" என்று மட்டும் மெல்லச் சொன்னார்.

என் மேஜைப் பக்கம் யாரும் குனிந்து எதுவும் சொல்லவில்லை. நானாகத்தான் எழுந்து பின்பக்கம் போனேன்.

மேடம் ஆள் அனுப்பினார். கையில் மெமோ. நடந்ததற்கு எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும், திங்கட்கிழமைக்குள். உடல்நலம் சரியில்லை என்று ஒரு வரி எழுதித் தப்பிக்கலாம். இல்லையென்றால் மாமியாரை மறுபடி எழுப்பலாம்.

சாயந்திரம் நேரே உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணி கேப்பைக் கூழ் கரைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அண்ணி உள்ளே போய், உங்கள் லைன் பையைக் கொண்டுவந்து என் மடியில் கவிழ்த்தார். கட்டிங் பிளேயர், கையுறை, டேப்பு. அவற்றோடு மாத்திரை அட்டைகள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும். ஒன்றுகூடப் பிரிக்காத அட்டைகள்.

"எனக்கே மூணு மாசம் முன்னாலதான் கெடச்சுது" என்றார் அண்ணி. "சுகர் இருக்குதுன்னு ஆபீசுல தெரிஞ்சா கம்பம் ஏற உடமாட்டாங்களாம். மாத்திரை போட்டா எங்க யாராச்சும் பாத்துடுவாங்களோன்னு போடல. எங்கிட்ட, எல்லாம் முழுங்கிட்டேன்னு சொல்லிக்கினு இருந்துது மனுஷன். நானும் நம்பிக்கினு இருந்தேன்."

அண்ணே, உங்களை அப்போது கையில் பிடித்திருந்தால் அறைந்திருப்பேன். பெரியவர், இறந்தவர், பாவம் என்றெல்லாம் பார்த்திருக்க மாட்டேன். தினமும் காலையில், "போட்டியா? நாக்கை நீட்டு" என்று என் மாத்திரைக்கு நீங்கள் காவல். உங்கள் பைக்குள் உங்கள் மாத்திரை பிரிக்காமல் கிடக்கிறது. எனக்குச் சொன்ன புத்தி உங்களுக்கு ஏன் எட்டவில்லை? கம்பத்தைவிட்டு இறக்கிவிட்டால் என்ன அண்ணே, கீழே நின்று வேலை செய்பவர்கள் மனுஷர்கள் இல்லையா? ஒன்பது மாதமாக உங்களுக்காக அழுகிறேன், அன்றுதான் முதல்முறையாக உங்கள்மேல் கோபப்பட்டு அழுதேன். இந்தக் கோபத்துக்கு நான் மாத்திரை போட்டுக்கொள்ள மாட்டேன். இது நியாயமான கோபம்.

அண்ணி அட்டைகளை எடுத்து அடுக்கினார். "மறைச்சி மறைச்சி இன்னா கண்டுச்சு இந்த மனுஷன்? நீ எழுது கோமதி. உள்ளதை எழுது" என்றார்.

எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம். வியாதியின் பெயர், எத்தனை வருஷம், என்ன மருந்து, தூக்கம் கெட்டால் என்ன ஆகும், வெள்ளிக்கிழமை நான் செய்தது தவறு, வியாதி காரணமே தவிரச் சாக்கு இல்லை. கடைசி வரியை மூன்று முறை அடித்து எழுதினேன். என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, "எழுத்துப் பிழை இல்ல" என்றார். அவருடைய பாராட்டு அவ்வளவுதான், உங்களுக்குத் தெரியாததா?

திங்கட்கிழமை மேடம் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தார்.

"இது ஃபைல்ல போயிடும். தெரிஞ்சுதானே கொடுக்கிறீங்க?" என்றார்.

"தெரியும் மேடம்."

"டாக்டர் சர்டிஃபிகேட் வேணும்."

"வாங்கியார்றேன்."

"நைட் எடுத்துடறேன். அதுக்குப் பதிலா மழை முடியற வரைக்கும் ஞாயித்துக்கிழமை பகல் வரணும். மத்தவங்க கேட்பாங்க இல்ல?"

"வர்றேன் மேடம்."

கடிதத்தை ஃபைலில் வைத்தார். "போன் டேபிள்ல உங்களை வைக்கலாமா?"

அண்ணே, நான் பயந்த கேள்வி அதுதான். கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். "வைக்கலாம் மேடம். நான் எப்பனா எழுந்து பின்னாடி போனா, ஏன்னு கேக்காம உட்ருங்க. நானே திரும்பி வந்து சொல்லுவேன்" என்றேன். உங்கள் எல்.சி. முறையையும் சொன்னேன். அவர் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. ஆனால், "யார் வாங்கினாங்களோ அவங்கதான் ரிட்டர்ன் பண்ணணும். அது ரூல்தானே" என்றார். இந்தப் பிள்ளைக்கு வேலை தெரியும் அண்ணே.

ஏழுமலையிடம் போனதுதான் கஷ்டம். புதுச் சட்டை ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். எல்லாம் சொன்னேன். அவர் சட்டை அளவைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"யக்கா, உன் மாமியா கருமாதிக்கு வந்து வடை பாயசத்தோட சாப்ட்டவன் நானு. அந்தம்மா படுத்த படுக்கைன்னு சவரிண்ணன் ஏ.இ.யாண்ட சொல்லச்சொல்ல பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன். பொய்யின்னு தெரியும். எதுக்குன்னுதான் தெரில. அவரு சொன்னா எதுனா இருக்கும்னு வாயை மூடிக்கினேன்."

"நீயா? வாயை மூடிக்கினியா?"

"ரெண்டு வருஷத்துக்கு ஒருவாட்டி மூடுவேன்."

பெண் பார்க்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று பயந்துகொண்டே கேட்டேன். "இன்னும் பதில் வர்ல. வந்துச்சின்னா என் பொண்ணு அழகு. வர்லன்னா உன் டீ" என்றார். இன்றுவரை பதில் வரவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் எனக்குத்தான் பக்கென்கிறது.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சிலர் என்னிடம் ஆஸ்பத்திரிக் குரலில் பேசுகிறார்கள். என் மேஜையிலிருந்த பேப்பர் வெயிட்டைக் காணோம். எனக்கு டீ வந்தால் ஒருவர் நாசூக்காக நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்கிறார். ஒருநாள் வேண்டுமென்றே டம்ளரைச் சற்று உயர்த்தினேன். மூன்று பேர் குனிந்தார்கள். சிரிப்பாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது. இந்த இரண்டும் எனக்கு எப்போதும் ஒன்றாகத்தான் வரும்போல.

முந்தாநாள் முதல் பெருமழை. எங்கள் தெருவில் கரண்ட் போனது. கை தானாகப் போனுக்குப் போனது. ஆபீசில் இந்நேரம் எத்தனை அழைப்போ, ஏழுமலை தனியாக என்ன செய்கிறாரோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மற்றவர்கள் விழித்திருக்க நான் மட்டும் படுப்பது எவ்வளவு பெரிய குற்றம் போலத் தோன்றுகிறது தெரியுமா? மாத்திரையைப் போட்டேன். போனை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். படுத்தேன். தூங்கியும்விட்டேன்.

காலையில் குடையோடு ஆபீஸ் போனால், ஏழுமலை கண்ணெல்லாம் சிவந்து என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புகார் நோட்டில் நான்கு பக்கம் கோழிக் கிறுக்கல். என்னைப் பார்த்தார்.

"தூங்கினியாக்கா?"

"தூங்கினேன்."

"அப்ப உக்காரு" என்று எழுந்து நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். மணி ஒன்பது. நான் உட்காரும் முன்பே போன் அடித்தது. எடுத்தேன்.

கல்லறைத் திருநாள் வருகிறது. அண்ணியும் நானும் உங்கள் கல்லறையில் புல் பிடுங்கிச் சுத்தம் செய்ய வருகிறோம். மழையில் மெழுகுவர்த்தி நிற்காது, திட்டாதீர்கள். அதற்கு முன்னால், வரும் வியாழக்கிழமை ரத்தப் பரிசோதனைக்குத் திண்டிவனம் போகிறேன். அண்ணியையும் அழைத்துப் போகிறேன், அவருக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும். இனிமேல் அவர் மாத்திரையை நான் எண்ணுவேன், என் மாத்திரையை அவர் எண்ணுவார். இரண்டு பேரும் நாக்கை நீட்டிக் காட்டிக்கொள்வோம். ஒரு அட்டைகூடப் பிரிக்காமல் எந்தப் பையிலும் கிடக்காது. இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. டிரான்ஸ்பார்மர் வாக்கு மாதிரி இல்லை அண்ணே, நன்றாகத் தூங்கி எழுந்து கொடுக்கிற வாக்கு.

உங்களோடு பிறக்காமலே உங்களை இத்தனை பாடு படுத்திய தங்கச்சி,
கோமதி
விழுப்புரம்